38 என்று காட்டிய முள்

மாவு உப்பவில்லை.

ஐந்து கிண்ணங்கள். ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் துணியை எடுத்தால், உருட்டி வைத்த மாவு வைத்தது வைத்தபடி, பிள்ளைகளின் விரல் தடம்கூட அழியாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது, அதே கதை. ஐந்தாவது கிண்ணத்தில் மட்டும் மாவு துணியை முட்டிக்கொண்டு நின்றது. பதினான்கு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணா, எங்க மாவு ஏன் தூங்குது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் ஒருங்கிணைப்பாளர் அக்கா முதன்முறையாக ஒரு முழு வகுப்பை என் கையில் விட்டிருந்தார்.

பயிற்சிப் பணி என்று சேர்ந்தது இங்கேதான். பள்ளி நேரத்துக்கு வெளியே, 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியலையும் சமையலையும் கையால் செய்யவைத்துச் சொல்லித் தரும் நிகழ்ச்சி. எட்டு சனிக்கிழமைகள். சேரும்போது நான் கற்பனை செய்துவைத்திருந்தது பாடம் நடத்துவதை. கிடைத்தது பாத்திரம் கழுவுவது, பொருட்களை எடை போட்டுச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைப்பது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியலை ஒவ்வொரு வாரமும் சரிபார்ப்பது, மறுபடியும் பாத்திரம் கழுவுவது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்ததால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கடலை வரக்கூடாது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்க அக்கா விடமாட்டார்.

முதல் வாரம் கத்தி. வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி, விரல் நுனிகளை உள்ளே மடக்கிப் பிடிப்பது, கத்தியோடு நடக்காமல் இருப்பது. இரண்டாம் வாரம் ஊதா முட்டைக்கோஸ் சாறு. எலுமிச்சை விட்டால் சிவப்பு, சமையல் சோடா போட்டால் நீலமும் பச்சையும். எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு, அதனால் நீட்டவில்லை. ஆனால் அன்று ஒரு சிக்கல் வந்தது. ஒரு பையன் சிவப்பாக மாறிய சாறை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். எலுமிச்சையும் முட்டைக்கோஸும்தான், ஒன்றும் ஆகவில்லை. அக்கா மட்டும் வகுப்பை நிறுத்திவிட்டார்.

"சோதனை மேசையில இருக்கிறதை ருசி பார்க்கக்கூடாது. சமையல் மேசையில ருசி பார்க்காம இருக்கக்கூடாது. நீங்க எந்த மேசையில நிக்கிறீங்கன்னு முதல்ல பாருங்க" என்றார்.

அறிவியலையும் சமையலையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கும்போது வரும் உண்மையான தலைவலி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வகுப்பின் முதல் விதி அடுத்த வகுப்பின் முதல் விதியை அப்படியே திருப்பிப் போடுகிறது. அன்று மாலையே சோதனைக்கான கோப்பை, கரண்டி, பாட்டில் எல்லாவற்றிலும் நீல நாடா ஒட்டினேன். நீலம் ஒட்டியது வாய்க்குப் போகாது, சமையல் அலமாரிக்குள்ளும் போகாது.

மூன்றாவது சனிக்கிழமை ப்ரெட்.

ஒரு குழுவுக்கு 250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், 4 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் உப்பு. 160 மில்லியில் பாதியை வெதுவெதுப்பாக எடுத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நுரை வந்த பிறகு மாவில் சேர்ப்பது வழக்கம். ஈஸ்ட் என்பது உயிருள்ள ஒற்றைச் செல் பூஞ்சை. 25 முதல் 38 டிகிரி வரை அதற்கு வசதி. 55-ஐத் தாண்டினால் செத்துப்போகத் தொடங்கும், 60-இல் சில நிமிடம் கூடத் தாங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வெந்நீரையும் குழாய்த் தண்ணீரையும் நானே கலந்து, ஒவ்வொரு குழுவின் கோப்பையிலும் தெர்மாமீட்டரை வைத்து, முள் 38-க்கு வந்த பிறகே "இப்ப ஈஸ்ட் போடலாம்" என்று சொன்னேன். வட்ட முகப்பும் நீண்ட எஃகு ஊசியும் கொண்ட, சமையலறைகளில் சாதாரணமாக இருக்கும் தெர்மாமீட்டர்.

இரண்டாவது குழுவில் ஒரு பெண், கோப்பையின் பக்கத்தில் விரலை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள். "அண்ணா, சுடுது."

"38தான் இருக்கு, பாரு" என்று முள்ளைக் காட்டினேன்.

அவள் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து நுரை சரியாக வரவில்லை என்பதையும் நான் கவனித்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, மாவில் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று அடுத்த படிக்குத் தள்ளிவிட்டேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு எனக்கு இரண்டு முறை மணி அடித்திருக்கிறது.

உப்பாத நான்கு உருண்டைகளை என்ன செய்வது? குப்பையில் போடுவதை அக்கா அனுமதிக்கவில்லை. ஒரு பையன் சோடாவும் எலுமிச்சையும் சேர்த்தால் பொங்குமே என்றான், இரண்டாம் வார ஞாபகம். நல்ல யோசனை. ஒரு உருண்டையில் செய்தும் பார்த்தோம். ஆனால் ஏற்கெனவே பிசைந்து இறுகிய மாவில் சோடாத்தூள் சீராகக் கலக்காது. எலுமிச்சைச் சாறு மேலே பட்ட இடத்தில் புஸ்ஸென்று நுரைத்து, உள்ளே போவதற்குள் பாதி வாயு காற்றோடு போய்விட்டது. வெந்த பிறகு அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆங்காங்கே மஞ்சள் புள்ளிகள். அந்த இடத்தைக் கடித்தவர்கள் சோப்பு மாதிரி இருக்கிறது என்று துப்பினார்கள். அமிலம் போய்ச் சேராத சோடா அங்கேயே தங்கிவிட்டது. சோடாவை உலர்ந்த மாவோடு முதலிலேயே கலந்து சலித்திருக்க வேண்டும்.

மீதி மூன்று உருண்டைகளை மெல்லிசாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டோம். அது மட்டும் அழகாக உப்பியது! ஈஸ்ட் செத்திருக்கலாம், மாவில் தண்ணீர் இருக்கிறதே. தண்ணீர் நீராவியாகும்போது கிட்டத்தட்ட 1,700 மடங்கு இடம் கேட்கும். மெல்லிய மாவின் இரண்டு பக்கமும் வெந்து மூடிக்கொண்டால் அந்த ஆவி உள்ளே மாட்டிக்கொண்டு ஊதுகிறது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை நானும் அக்காவும் சமையலறையில் உட்கார்ந்தோம். சந்தேகப் பட்டியலில் என் முதல் குற்றவாளி ஈஸ்ட். பழைய பாக்கெட்டாக இருக்கும் என்றேன். அதே பாக்கெட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்துக் குழாய்த் தண்ணீரில், கொஞ்சம் சர்க்கரையோடு போட்டு வைத்தோம். கால் மணி நேரத்தில் பழுப்பு நுரை விளிம்பு வரை வந்துவிட்டது. ஈஸ்ட் மேல் குற்றமில்லை. உப்பா? ஐந்து குழுவும் ஒரே அளவுதான் போட்டது, ஐந்தாவது உப்பியதே.

அந்த ஐந்தாவது குழுவைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார். "அவங்க என்ன வித்தியாசமா செஞ்சாங்க?" யோசித்தால், ஒன்றும் வித்தியாசமில்லை, தாமதம்தான். தண்ணீரை நான் ஊற்றிக் கொடுத்த பிறகு அவர்கள் மைதாவைத் தரையில் கொட்டிவிட்டார்கள். பெருக்கி, துடைத்து, மறுபடி எடை போட்டு, ஈஸ்ட் போட கால் மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்குள் தண்ணீர் ஆறியிருக்கும். ஆறிய தண்ணீரில் மாவு உப்பியது என்றால், ஆறாத தண்ணீர் மிகச் சூடாக இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் தெர்மாமீட்டர் பொய் சொல்லியிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகத்தோடு தெர்மாமீட்டரைச் சோதித்தேன். உயரமான கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிறையத் தண்ணீர் ஊற்றி, ஊசியை நடுவில் இறக்கினேன். முள் மெல்ல இறங்கி, சரியாக 0-இல் நின்றது. ஆழமான பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். 100-க்கு ஒரு மயிரிழை கீழே. (கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும், அதனால் கொதிநீரை மட்டும் நம்பி முள்ளைத் திருத்தக்கூடாது. பனிக்கட்டிச் சோதனைதான் பத்திரம்.) தெர்மாமீட்டர் யோக்கியன். எனக்கு மறுபடியும் ஒன்றும் புரியவில்லை.

அக்கா எழுந்து, சனிக்கிழமை பயன்படுத்திய பிளாஸ்டிக் அளவுக் கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தார். "அன்னிக்கு எப்படிச் செஞ்சியோ அப்படியே செய். நல்லாச் செய்யாதே. அப்படியே செய்."

செய்தேன். அகலமான கோப்பை, 80 மில்லி தண்ணீர். ஆழம் 2 சென்டிமீட்டர்கூட வராது. ஊசியின் நுனி கோப்பையின் அடியைத் தொட்டு நின்றது, மீதி ஊசி முழுக்கக் காற்றில். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முள்ளை 38-க்குக் கொண்டுவந்தேன். பக்கத்திலேயே, இறைச்சி வெந்ததா என்று பார்க்க வைத்திருக்கும் டிஜிட்டல் ஊசியை அக்கா இறக்கினார். அது 60 என்றது.

அப்போதுதான் முகப்புத் தெர்மாமீட்டரின் ஊசியை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். நுனியிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் மேலே ஒரு சின்னக் குழிவு. தயாரிக்கும்போதே போடுகிற அடையாளம். ஊசிக்குள்ளே இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் இருக்கிறது. சூடு பட்டால் இரண்டும் வெவ்வேறு அளவு நீளும், அதனால் சுருள் முறுக்கிக்கொண்டு முள்ளைத் திருப்பும். அந்தச் சுருள் நுனியில் மட்டும் இல்லை, குழிவு வரைக்கும் நீண்டிருக்கிறது. குழிவு வரை முங்கினால்தான் சரியான கணக்கு. டிஜிட்டல் ஊசியில் உணரி நுனியிலேயே இருப்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

தாளில் போட்டுப் பார்த்தேன். 5 சென்டிமீட்டரில் 2 தண்ணீரில், 3 காற்றில். தண்ணீர் 60, அறை 25. ஐந்தில் இரண்டு பங்கு 60, ஐந்தில் மூன்று பங்கு 25 என்று சராசரி எடுத்தால் 39 வருகிறது. உலோகம் வழியாகச் சூடு ஏறுவதை எல்லாம் விட்டுவிட்ட முரட்டுக் கணக்குதான். இருந்தாலும் முள் காட்டியதற்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முள் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பாதித் தண்ணீரையும் பாதிக் காற்றையும் அளந்து சொல்லியிருக்கிறது. நான் அதைத் தண்ணீர் என்று படித்திருக்கிறேன்.

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "ஈஸ்ட் போனாப் போகுது. 60 டிகிரித் தண்ணி பிள்ளைங்க கையில இருந்திருக்கு. அது கொட்டியிருந்தா?" 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொத்துவிடும், குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லிசு. எனக்கு அந்தப் பெண் விரலை எடுத்ததுதான் கண்ணுக்குள் வந்தது.

இயற்பியலாளர் நிகோலஸ் குர்ட்டி 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சமையலறை இயற்பியல் பற்றிப் பேசியபோது, வெள்ளிக் கோளின் வளிமண்டலச் சூட்டை அளக்கிறோம், நம் அடுப்பில் வேகும் சூஃப்லே என்ற முட்டைப் பலகாரத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்கிறோமே என்று வருத்தப்பட்டாராம். நான் அதைவிடக் கேவலம். கையில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு 80 மில்லி தண்ணீரை அளக்கத் தெரியவில்லை.

நான்காவது சனிக்கிழமை அட்டவணைப்படி பால் திரிப்பது. அதைத் தள்ளிவைக்க அக்காவிடம் அனுமதி வாங்கினேன். வகுப்பு தொடங்கியதும் நடந்ததைச் சொன்னேன். விரல் வைத்த பெண்ணிடம், "நீ சொன்னதுதான் சரி, நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். "நான்தான் சொன்னேனே அண்ணா" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். நியாயம்தான்.

பிறகு பாட்டில்கள். நீல நாடா ஒட்டிய நான்கு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 100 மில்லி தண்ணீர், 4 கிராம் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, வாயில் ஒரு பலூன். ஒன்று பனிக்கட்டித் தொட்டியில், ஒன்று மேசைமேல், ஒன்று 38 டிகிரித் தொட்டியில், ஒன்று 60 டிகிரித் தொட்டியில். வெந்நீர்த் தொட்டியை மட்டும் நானும் அக்காவும் கையாண்டோம், பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்த முறை ஊசியைக் குழிவு வரை முக்குவதற்கு ஒரு குழுவே காவல்.

இரண்டு நிமிடத்தில் 60 டிகிரிப் பாட்டிலின் பலூன் எழுந்து நின்றது. வகுப்பே கத்தியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன வாரம் சொன்னதெல்லாம் தப்பா? பையன் ஒருவன்தான், "அது ஈஸ்ட் இல்ல, உள்ள இருக்கிற காத்து சூடாகி விரியுது" என்றான். எப்படி நிரூபிப்பது? ஈஸ்ட் போடாத ஐந்தாவது பாட்டில் ஒன்றைத் தயார் செய்து அதே தொட்டியில் வைக்கச் சொன்னான். வைத்தோம். அதன் பலூனும் அதே மாதிரி எழுந்து, அரைகுறையாக நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பாட்டில் ஒன்று வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து 38-இன் பலூன் கொழுத்து நிமிர்ந்திருந்தது. மேசைமேல் இருந்தது பாதி. பனிக்கட்டியில் இருந்தது துவண்டு தொங்கியது. 60-இல் இருந்தது முதலில் எழுந்த அளவோடு சரி, வெறும் பாட்டிலுக்கு இணையாக.

இங்கேயே முடித்திருப்பேன். ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "குளிர்ல இருந்ததும் ஊதல, சூட்டுல இருந்ததும் ஊதல. ரெண்டும் செத்துப்போச்சா?" இரண்டு பாட்டிலையும் எடுத்து 35 டிகிரித் தொட்டியில் வைத்தோம். சூட்டிலிருந்து வந்த பாட்டிலின் பலூன், உள்ளே காற்று ஆற ஆற, சுருங்கித் தொய்ந்தது, அப்புறம் அசையவே இல்லை. குளிரிலிருந்து வந்தது அரை மணி நேரம் போக்குக் காட்டிவிட்டு, கழுத்தில் குமிழி கட்டி, மெதுவாக எழுந்தது. "இது தூங்கிச்சு, அது செத்துச்சு" என்று அவளே முடிவு எழுதினாள். அவள் நோட்டில் இருந்த அந்த வரியைத்தான் அறிக்கையிலும் அப்படியே போட்டேன்.

ஐந்தாவது சனிக்கிழமை மறுபடி ப்ரெட். அதே அளவுகள், இரண்டே மாற்றம். 160 மில்லி தண்ணீரையும் ஒரு உயரமான குவளையில் சேர்த்தே கலந்து, அதில் அளந்து, பிறகு கோப்பைகளில் பிரித்தோம். நுரை வராத கோப்பை அடுத்த படிக்குப் போகாது என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்தேன், எனக்காகத்தான். தெர்மாமீட்டர் ஊசிகளின் குழிவில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன், வெறும் நீர்ச்சோதனைக்கு மட்டும் பயன்படும் ஊசிகளில். சாப்பாட்டுக்குள் குத்தும் டிஜிட்டல் ஊசியில் பூச்சு கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார், அது உரிந்து உணவில் விழும்.

ஐந்து கிண்ணமும் உப்பின. 200 டிகிரி ஓவனில் 25 நிமிடம். மேல் தோல் பொன்னிறம், உள்ளே வெள்ளை. ஏன் உள்ளே நிறம் மாறவில்லை என்று கேட்டார்கள். உள்ளே ஈரம் இருக்கும் வரை சூடு 100-ஐத் தாண்டாது. நிறமும் வாசனையும் தரும் வினை, 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தது, சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் எடுக்கும். காய்ந்துபோன மேல்தோலுக்குத்தான் அந்தச் சூடு கிடைக்கிறது.

வெந்துவிட்டதா என்று பார்க்க, நடுவில் ஊசி குத்தி 94 டிகிரி இருக்கிறதா என்று பார்ப்போம். நான்கு ப்ரெட் தேறியது. ஐந்தாவதில் 86 என்று காட்டியது. இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வைக்கலாம் என்று நான் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தேன். விரல் வைத்த பெண் குனிந்து ப்ரெட்டைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"அண்ணா, ஊசி அந்தப் பக்கத் தோலை முட்டிக்கிட்டு இருக்கு. நடுவுக்கு இழுங்க."

இழுத்தேன். எண் ஏறவில்லை, 83-க்கு இறங்கியது. எட்டு நிமிடம் கூடுதலாக வைத்தோம்.